இறங்கிய கோடு

மகளுக்காக ஓதிய நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, உறவுக்காரர்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிய பிறகு, உசைர் தன் மனைவியிடம் அதைக் கேட்டேவிட்டான்.

"உன் கம்ப்யூட்டர் கணக்குல போட்டுப் பாரு பர்வின். அன்னிக்கு சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா, நம்ம இக்ரா பொழைச்சிருப்பாளா?"

பர்வின் சுருட்டிக்கொண்டிருந்த பாயைக் கீழே வைத்தாள்.

பாவி மனுஷன், இத்தனை நாளும் இதையா மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தான்?

அன்று அமாவாசை. மேல்மலையனூருக்கு பஸ் மாறுகிற கூட்டம் செஞ்சியில் நெரிந்தது. பர்வின் சென்னையில் இருந்தாள். காய்ச்சலோடு கிடந்த மகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு அவன் பழக்கடையிலேயே நின்றுவிட்டான். விடியும்போது குழந்தைக்கு வலிப்பு வந்தது. மூளைக்காய்ச்சல், ஹெர்பிஸ் வைரஸ் என்றார்கள்.

பர்வின் சென்னையில் ஆராய்ச்சி செய்வதும் அதே வைரஸைத்தான். செல்லுக்குள் நுழைந்ததும் அதன் எந்த ஜீன் முதலில் விழிக்கிறது, அது மற்ற ஜீன்களை எப்படி எழுப்பிவிடுகிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதுவது அவள் வேலை. அது தன் வீட்டுக்கே வந்து சேரும் என்று யார் கண்டது.

இது ஒரு செல்லுக்கான கணக்கு, குழந்தைக்கானது இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவன் விடுவதாக இல்லை.

லேப்டாப்பைத் திறந்தாள். மருந்து கொடுத்த நேரத்தை அந்தச் சாயங்காலத்துக்கு மாற்றி ஓடவிட்டாள்.

வைரஸ் பெருகுவதைக் காட்டி விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்த கோடு தயங்கியது. பிறகு இறங்கி, தரையோடு படுத்துவிட்டது.

ஓவென்று கத்த வேண்டும் போல் இருந்தது. நல்லவேளை, உசைர் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தான்.

இத்தனை வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட அவள் பொய்யாகப் போட்டதில்லை. மருந்தின் வீரியத்தைப் பூஜ்யமாக்கினாள். கோடு மறுபடி மேலே ஏறியது.

அவன் வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினாள். எப்போது போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றாள். குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

உசைர் அந்தக் கோடு ஏறுகிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டான்.

"பாத்தியா? உன்னைக் கேட்டுட்டு இன்னா பண்றதுன்னு முடிவு பண்லாம்னுதான் அன்னிக்கு திரும்பத் திரும்ப போன் போட்டேன். மீட்டிங்ல இருந்த, கட் பண்ணிட்ட. எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு உன் கணக்கே சொல்லுது. இனிமேலாவது கொஞ்சம் தூங்கு."