சாம்பலுக்குப் பக்கத்தில் சிவப்பு

ஹெல்சிங்கியின் டிசம்பர் வெளிச்சம் இரண்டரை மணிக்கே ஜன்னலை விட்டு நழுவுகிறது. அருங்காட்சியகத்துக்காக ஓவியம் தேர்ந்தெடுக்க ஓவியர் ரௌனியின் வீட்டுக்கு வந்த பெல்கோனென் மூன்றாவது காப்பியையும் குடித்துவிட்டார். சுவரில் அவளுடைய எட்டு மாத உழைப்பு: சாம்பல் பட்டைக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டை, அவ்வளவுதான். "இது எந்த ஏரிம்மா?" "ஏரி இல்லைங்க." "அப்ப சாயங்கால வானமா?" "வானமும் இல்லை. வெறும் நிறந்தான்." "கமிட்டியில கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?" உருவங்கள் வரைவதை அவள் விட்டதிலிருந்து பதினைந்து வருடமாக இதே கேள்வி. தூரிகைத் துணியை ரௌனி முறுக்குகிறாள். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் விரலிடுக்கில் சொட்டுகிறது. கிளம்ப எழுந்தவரின் கம்பளிக் காலுறைகள் சட்டென்று நிற்கின்றன. தரையில், போன கோடையில் அவள் கந்தல் துணியைக் கிழித்துப் பொழுதுபோக்காக நெய்த விரிப்பு. "அடடா! சாம்பலுக்குப் பக்கத்துல சிவப்பு, கண்ணை எடுக்க முடியலையே! இதைக் குடுப்பீங்களா?" "இது எந்த ஏரின்னு கேக்கலையே?" அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "விரிப்புல எங்கம்மா ஏரி இருக்கும்?"