டீசல்தான் லாபம்

பிரெட்ரிக்கின் கழுத்து சுளுக்கி ஒரு பக்கமாக நின்றுவிட்டது. இடது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

"மூணு ராத்திரியா கார்லயே படுத்தேண்ணே. அதான்."

"பொண்டாட்டி வெளிய தொரத்திட்டாளா?" சுகுமாறன் சிரித்தான். "உன் பெட்ரோல் காரு சோப்பு டப்பா தம்பி. அதுல படுத்தா கழுத்து என்ன, வேற எது வேணாலும் சுளுக்கும். என் வண்டியப் பாரு, குடும்பமே படுக்கலாம்!"

மாசாய் ஊரில் தன் மச்சான் வீட்டுப் பின்புறம், தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த டீசல் பிக்கப்பை அவன் திறந்து காட்டினான். காலையில்தான் ஃபேஸ்புக்கில் விலைக்குப் போட்டான். மதியமே ஆள் வந்துவிட்டது.

வெல்டிங் வேலை செய்யும் சுகுமாறனுக்கு இன்றைக்கே இதை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். அரசாங்கம் டீசல் மானியத்தை நிறுத்தியதிலிருந்து வண்டி அவன் சம்பாத்தியத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவனிடம் அதைச் சொல்ல அவன் என்ன மடையனா?

"டீசல்னா யோசனையா இருக்குண்ணே," என்றான் பிரெட்ரிக். "பெட்ரோல், ஐசி அட்டைய காட்டினா மானிய வெலதான், லிட்டர் ரெண்டு வெள்ளிக்கும் கீழ. டீசல் அப்படியா?"

"அலமாக்! லிட்டர் வெலய மட்டும் பாத்தா எப்படி லா? எத்தன கிலோமீட்டர் ஓடுதுன்னு பாரு. இது டீசல குடிக்காது, மோந்து பாத்தே ஓடும்."

"சர்வீஸ் செலவு? இஞ்ஜெக்டர் போச்சுன்னா பையே காலியாமே?"

"யாரு சொன்னா? டீசல் இஞ்சினு எருமை மாதிரி, சேத்துலயும் நடக்கும். பெட்ரோல் இஞ்சினு பூனைக்குட்டி. தும்முனா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும்."

போன மாதம் இஞ்ஜெக்டர் மாற்றியபோது அந்த எருமையின் ஏழு தலைமுறையையும் அவன் திட்டித் தீர்த்திருந்தான்.

பிரெட்ரிக் கைப்பேசியில் தட்டித் தட்டிக் கூட்டினான். டீசல், எண்ணெய், டயர், ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ்.

"வேற செலவு எதும் இருக்காண்ணே?"

"இவ்வளவுதான். நான் பொய் சொல்ற ஆளா?"

"அப்ப சரி. ஒரு சுத்து ஓட்டிப் பாக்கலாமா?"

சுகுமாறன் உஷாரானான். ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனவன் வண்டியோடு காணாமல் போன கதைகள் அவனுக்குத் தெரியும்.

"நானும் வரேன். சாவிய உன்கிட்ட குடுத்துட்டு வாயப் பாத்துக்கிட்டு நிக்க நான் ஆளில்ல."

"தாராளமா வாங்கண்ணே. நீங்க வந்தா இன்னும் நல்லது."

வழியில் எண்ணெய் நிலையம் வந்ததும் சுகுமாறன் நிறுத்தச் சொன்னான். தன் காசிலேயே தொட்டி நிறைய டீசல் அடித்தான். "இனி மீட்டர் முள்ளப் பாரு தம்பி. எறங்குதான்னு நீயே சொல்லு."

பாசிர் கூடாங் சாலையில் வண்டி சீறியது. பிரெட்ரிக் ஒரு கையால் ஓட்டினான்.

"உண்மைதாண்ணே. முள்ளு அசையவே இல்ல."

"பாத்தியா? டீசல்தான் லாபம்."

வண்டி ஒரு சந்தில் திரும்பி, தகர வேலி போட்ட வளாகத்தின் முன் நின்றது. காவலாளி ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தான். பிரெட்ரிக்கைப் பார்த்துக் கட்டைவிரலை வேறு உயர்த்தினான்.

உள்ளே வரிசை வரிசையாகக் கார்கள், தூசி படிந்து. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் சுண்ணாம்பில் ஓர் எண். பின்னால் கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"டேய், இங்க எதுக்குடா? வண்டி ஓட்டிப் பாக்கற எடம் மாதிரியா இருக்கு இது? யாரு வண்டிங்க இதெல்லாம்?"

பிரெட்ரிக் இஞ்சினை அணைத்தான். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, உடம்போடு சேர்ந்து அவன் பக்கம் திரும்பினான்.

"மூணு ராத்திரி உங்க வீட்டு வாசல்லதான் இந்த வண்டிக்காகக் காத்துக் கெடந்தேன். பேங்குக்கு நீங்க அஞ்சு மாசத் தவணை பாக்கிண்ணே."