கட்டைவிரல் பள்ளம்

மாலை வெயில் படகுக் கொட்டகையின் தகர இடுக்கில் இறங்கினாலும் பழைய மோட்டார் படகின் வயிற்றுக்குள் எட்டவில்லை. மெக்கானிக் அதற்குள் குப்புறப் படுத்துக் கிடக்கிறான். இனி எத்தனால் கலந்த பெட்ரோல்தான் என்றாகிவிட்டது. அது அரித்துவிடும் என்பதால் பழைய டியூப்களையெல்லாம் கழற்றியாயிற்று, பெட்ரோல் டேங்கோடு சேரும் இந்த ஒரு துண்டைத் தவிர. அதில் ஒரு கசிவை அடைத்தது அவனுடைய செத்துப்போன அண்ணன். எதிலும் பொறுமை கிடையாது அவனுக்கு; பசையை அப்பி, கட்டைவிரலால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். ரேகையோடு அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. அண்ணி பிடித்திருக்கும் டார்ச் வெளிச்சம் அதைவிட்டு நகர மறுக்கிறது.

“இதை மட்டும் விட்டுடேன் தம்பி.”

“இந்தப் பெட்ரோலுக்கு இந்தப் பசை தாங்காது அண்ணி. கசிஞ்சா ஒரு பொறி போதும். நாளைக்கு ஓட்டப்போறது நம்ம பொண்ணு.”

சொல்லிவிட்டானே தவிர, கத்தியை எடுத்தவனுக்கு வெட்டக் கை வரவில்லை. அண்ணி குனிந்து தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைக்கிறாள். சின்ன விரல், சுற்றிலும் இடம் மிஞ்சுகிறது. தகரத்தில் காற்று உரசுகிறது. பிறகு அவள் டார்ச்சை அவன் கையில் திணித்து, கத்தியை வாங்கிக்கொள்கிறாள்.

“நீ வெளிச்சத்தைக் காட்டு.”