பார்க்கிங்கில் ஒரு வீரர்

கலையரசனைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டார்கள்.

கரியாலூர் மலைப்பாதையில் கார்ப் பந்தயம். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். வளைவுக்கு வளைவு கொடியும் விசிலுமாக நிற்கிற மார்ஷல்களும் சம்பளம் இல்லாமல் ஆசைக்கு வருகிறவர்கள்தான். அவர்களில் போன வருஷத்துக் கதாநாயகன் கலையரசன். கள்ளக்குறிச்சியில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

போன வருஷம் கொண்டை ஊசி வளைவில் ஒரு கார் சறுக்கிப் பாறையில் மோதி, நடுரோட்டில் குறுக்கே நின்றுவிட்டது. கலையரசன் ஒரே பாய்ச்சலாக ஓடினார். நசுங்கிய கதவைப் பிடித்து இழுத்து, உள்ளே இருந்தவரை வெளியே கொண்டுவந்தார். பரிசளிப்பு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். பம்பு ரிப்பேருக்கு வருகிறவர்கள் அதன் கதையைக் கேட்காமல் போக முடியாது.

அதே வளைவில் கூட நின்ற மைக்கேல்ராஜ் செய்தது வேறு. டயர் கிறீச்சிட்டதுமே தொப்பையோடு தடுப்புச்சுவருக்குப் பின்னால் குதித்துவிட்டார். அந்தக் குதிப்பை நடித்துக் காட்டி ஒரு வருஷமாக டீக்கடையில் சிரிப்பு மூட்டுவது கலையரசன்தான். மைக்கேல்ராஜும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார்.

இந்த வருஷம் அந்த வளைவு மைக்கேல்ராஜுக்கு. கலையரசனுக்கு அடிவாரத்தில் பார்க்கிங்.

காலையிலேயே மார்ஷல்களுக்குப் பொறுப்பாளரான பிரின்சியிடம் போய் நின்றார்.

"இன்னாம்மா இது? குதிச்சவருக்கு வளைவு, காப்பாத்துனவனுக்குப் பார்க்கிங்கா?"

"மொதல்ல கொடி ஆடணும், அப்புறம்தான் காலு ஓடணும். அதானேண்ணா நம்ம ரூலு?" என்றாள் பிரின்சி. அதற்குள் வாக்கி டாக்கியில் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

ரூல் வந்து கதவைத் திறக்குமா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒளிரும் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டார் கலையரசன்.

அவர் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வடக்கனந்தலிலிருந்து மாமனார் நாராயணசாமி, மருமகனின் வீரத்தை நேரில் பார்க்க வேண்டுமென்று சொந்தபந்தங்களைத் திரட்டி வேன் பிடித்து வந்திருந்தார். அந்த வேனை நிறுத்த இடம் காட்டியதே மருமகன்தான்.

"இன்னா மாப்ள, வளைவுல நிக்கிறதா சொன்னீங்க?"

இங்கே அரசியல் ஜாஸ்தி மாமா என்று சமாளித்தார் கலையரசன். மற்றவர்கள் அருவி பார்க்கப் போனதும், மாமனாருக்குப் போன வருஷக் கதையை முழுசாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, மைக்கேல்ராஜ் தாண்டிக் குதித்த சுவரின் உயரமும் ஏறிக்கொண்டே போனது. மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அப்போது ஓட்டம் முடித்துத் திரும்பிய கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்த அஜித்குமார் விழுப்புரத்துப் பையன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கலையரசன் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தான்.

"அண்ணே, கொண்டை ஊசி வளைவுல கொஞ்சம் தொப்பையா ஒருத்தர் நிக்கிறாரே, அவரு பேரு இன்னா?"

"மைக்கேல்ராஜ். ஏன், இன்னிக்கும் குதிச்சிட்டாரா?" என்று மாமனாரைப் பார்த்துக் கண்ணடித்தார் கலையரசன்.

"குதிச்சாதாண்ணே கொடி ஆட்ட ஆளு மிஞ்சும். போன வருஷம் எனக்கு முன்னால போன கார் அங்க மோதிக் கெடந்துச்சி. எனக்குத் தெரியாது, முழு வேகத்துல வந்துக்கினு இருக்கேன். சுவத்துக்குப் பின்னாலேர்ந்து மஞ்சக் கொடி மட்டும் விடாம ஆடுது. பிரேக்க அழுத்தி நிறுத்திப் பாத்தா, எனக்கும் அந்தக் காருக்கும் நடுவுல ஒருத்தன் முதுகக் காட்டிக்கினு கதவ இழுத்துக்கினு இருக்கான். பத்தடி கூட இல்லண்ணே. அந்தக் கொடி இல்லன்னா அவன் மேலயே ஏத்தியிருப்பேன்."

பின்னால் ஒரு கார் வந்து நின்றது கலையரசனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உதவி செய்யத்தான் நிறுத்தினார்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் பந்தயமே வேணாம்னு ஆயிடுச்சி எனக்கு. பரிசளிப்புக்குக் கூட நிக்காம வூட்டுக்குக் கெளம்பிட்டேன். அப்ப அந்தத் தொப்பைக்காரர்தான் ஓடியாந்து என் கையப் புடிச்சிக்கினாரு. 'தம்பி, இத யாராண்டயும் சொல்லாத. அந்தாளு வூட்டுல கேள்விப்பட்டா பயந்துடுவாங்க, அப்புறம் இந்தப் பக்கமே அனுப்ப மாட்டாங்க. பாவம், அவருக்கு இதுல ரொம்ப ஆசை'ன்னாரு. நீங்களும் மார்ஷல்ன்றதால சொல்றேன்."

டீக்கடையில் கூடச் சேர்ந்து சிரித்த அந்த மனுஷனின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்று கலையரசனுக்கு வெட்கமாக இருந்தது. நாராயணசாமி சிரிப்பை நிறுத்திவிட்டு மருமகனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த அஜித்குமார் மெல்லக் கேட்டான்.

"ஏண்ணே, அந்த லூசு இந்த வருஷமும் வந்துருக்கானா?"

"வந்துருக்கான் தம்பி," என்றார் கலையரசன். "நல்லவேளையா, பார்க்கிங்ல போட்டுட்டாங்க."