தூக்குக்குண்டு

சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன மகள் வேணி உயிரோடு இருக்கக் கூடாது என்று பங்காளிகள் முன்னால் சொன்னவன் நான்தான். இப்போது மகன் ரங்கதுரை துப்பாக்கிமேல் தொலைநோக்கியை வைத்து, ரசமட்டம் பார்த்துத் திருகிக்கொண்டிருந்தான். எதிர்ச்சுவரில் நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டிருந்தான்.

"நூலும் உள்ள இருக்கற கோடும் ஒண்ணா நிக்குதா, பாருங்கப்பா. நாளைக்கு வேணி கோயிலுக்கு வர்றா."

தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். கோடு நூலின்மேல் மயிரிழை பிசகாமல் நின்றது.

"சாயுதுடா. கழட்டு."

"மறுபடியுமா? உங்க கண்ணுக்கு உலகமே சாய்வாத்தான் தெரியுது."

கழற்றி மாட்டினான். இம்முறை என்னைக் கூப்பிடாமல் தானே குனிந்து பார்த்தான்.

நான் சுவரருகே போய், நூலை மறைத்து நிமிர்ந்து நின்றேன்.

ரங்கதுரை கண்ணை எடுக்கவில்லை.

"விலகுங்கப்பா" என்றான்.