உழைப்பின் இரைச்சல்

“காத்தா, தண்ணியா? எது நல்லதோ அதை மாட்டுங்க” என்றார் மேனேஜர்.

“ப்ராசஸர் சூட்டைத் தணிக்க ஒரு நல்ல ஃபேன் போதும் சார். தண்ணி ஓடுற கூலர்னா சத்தம் இருக்காது, அவ்வளவுதான். ஆனா ஆபீஸ்ல அந்த ஒரு கிளார்க்குக்கு மட்டும் எதுக்கு?” என்றேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் நான்.

“நாள் பூரா அவர் கம்ப்யூட்டர் விமானம் மாதிரி இரையுது. என் ரூம் வரைக்கும் கேக்குது. அப்படி ஒரு உழைப்பாளி. பக்கத்து சீட் அம்மாவோடது மூச்சே விடறதில்ல. வேலை செய்யலைன்னு அவங்களுக்கு மெமோ குடுத்திருக்கேன்.”

தண்ணீர்தான் என்று முடிவாயிற்று.

உழைப்பாளி டீ குடிக்கப் போயிருந்தார். அவர் திரையில், பாதி அடித்த ஒரு கடிதத்துக்குப் பின்னால், கார் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. ப்ராசஸர் கொதித்தது அதனால்தான். பக்கத்து சீட் அம்மா நாள் முழுக்க அடித்துத் தள்ளுகிற கடிதங்களுக்கு அது வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. என்னிடம் கேட்டது கூலரைப் பற்றி மட்டும்தான். மாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் போன் செய்தார்.

“மனுஷன் கெட்டுப்போயிட்டார். சத்தமே இல்ல. மெமோ குடுத்துட்டேன். ஆனா அந்த அம்மா திருந்திட்டாங்க. காலையிலேர்ந்து ஒரே இரைச்சல். ப்ரமோஷனுக்கு எழுதியிருக்கேன்.”

உழைப்பாளியின் கம்ப்யூட்டரிலிருந்து அன்று கழற்றிய பழைய ஃபேனை நான் குப்பைக் கூடையில் போடப் போனபோது, அந்த அம்மா கையை நீட்டித் தடுத்திருந்தார்.

“அதை எனக்கு மாட்டி, முழு வேகத்துல சுத்த விட்டுடுங்க தம்பி. நானும் கொஞ்சம் உழைக்கிறேன்.”