வழிமொழிகிறேன்

தோட்டத் தமிழ்ப்பள்ளி வாரியத்தில் யார் எதை முன்மொழிந்தாலும் இருபது வருடமாக முதல் ஆளாக வழிமொழிபவர் ஐயாவுதான்.

இன்று மட்டும் எதிர்க்க வந்திருந்தார். பள்ளியைப் புஞ்சாக் ஆலாம் நகருக்கு மாற்ற எல்லா உறுப்பினரும் சம்மதிக்க வேண்டும். அவர் சம்மதிக்கப் போவதில்லை.

"இடமாற்றம் ரெண்டாவது தீர்மானம்ணே. முதல்ல இதை முடிச்சிருவோம்லா," என்றார் தலைவர் லோகேஸ்வரன்.

செயலாளர் தனேஸ்வரி மலாய் மொழியில் கடகடவென்று வாசித்தார். ஐயாவு தன் பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்மொழிகிறேன்," என்றார் கார்த்திகேசு.

எல்லாரும் ஐயாவுவையே பார்த்தார்கள்.

"வழிமொழிகிறேன்!"

மற்றவர்கள் கை தூக்கினார்கள். தனேஸ்வரி குறித்துக்கொண்டார். லோகேஸ்வரன் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"நன்றிண்ணே. உங்களை நீக்குற தீர்மானம் நிறைவேறிருச்சு. ரெண்டாவதுக்கு உறுப்பினருங்க மட்டுந்தான் இருக்கலாம்."